இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

“பதினோரு மணிக்கு ஏறி ரெண்டு மணிக்கு இறங்கிடுவேன்டா, மூணு மணி நேரம்தானே” என்று அக்கா போனில் சொன்னாள். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே. டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது, அவள் மேல் தப்பில்லை. ஆனால் அட்லாண்டிக்கை அந்த வேகத்தில் தாண்ட ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம் வேண்டும், அதுவே மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவும் 2003லேயே ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டது. அக்கா உட்கார்ந்து வந்தது எட்டு மணி நேரம். மிச்ச ஐந்து மணி நேரத்தைக் கடிகாரம் விழுங்கிவிட்டது.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் என்பது ஒன்றுதான், அது மாறாது. நேரம் அப்படி இல்லை. வானத்தில் இருக்கும் நேரம் ஒன்று, விமானம் ஏறும் கேட்டிலிருந்து இறங்கும் கேட் வரை ஆகும் நேரம் ஒன்று, டிக்கெட்டில் தெரியும் கடிகார வித்தியாசம் ஒன்று, வீட்டு வாசலில் கிளம்பி போகிற இடத்தின் வாசலில் நிற்கும் வரை ஆகும் நேரம் இன்னொன்று. நாம் எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் நாலாம் வகுப்புக் கணக்கும் ஒரு கால்குலேட்டரும்தான்.

ஊர் சரியான ஊர்தானா?

சிரிக்காதீர்கள், இதில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருப்பது போலவே கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. ஆஸ்திரேலியா போவதாக நினைத்து டிக்கெட் எடுத்துவிட்டு அந்தச் சின்ன ஊரில் போய் இறங்கியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், செய்தியாகவே வந்திருக்கிறது. சான் ஹோசே என்று தேடினால் கோஸ்டா ரிகாவின் தலைநகரும் வரும், கலிஃபோர்னியாவின் நகரமும் வரும். பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. அதனால் ஊர்ப் பெயரை வைத்துத் தேடாமல் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டை வைத்தே தேடுங்கள். ஹீத்ரோவுக்கு எல்ஹெச்ஆர், ஆஸ்திரேலிய சிட்னிக்கு எஸ்ஒய்டி, கனடா சிட்னிக்கு ஒய்கியூஒய்.

இன்னொன்று, பெரிய நகரங்களுக்கு நகரக் குறியீடு என்று தனியாக ஒன்று இருக்கும். டோக்கியோவுக்கு டிஒய்ஓ என்று போட்டால் நரீட்டாவும் ஹனேடாவும் இரண்டுமே வரும். வான்வழித் தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நரீட்டா நகர மையத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல், ஹனேடா நகரத்துக்குள்ளேயே. பறக்கும் நேரத்தில் மிச்சம் பிடித்ததை ரயிலில் விட்டுவிடுவீர்கள்.

தூரம்: வரைபடத்தை நம்பாதீர்கள்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது விமானம் போகும் பாதை அல்ல. உருண்டையைத் தட்டையாக இழுத்து ஒட்டிய படம் அது, துருவம் நெருங்க நெருங்க எல்லாம் பெரிதாகத் தெரியும். வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் எடுத்து, துபாயில் ஒரு விரலும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விரலும் வைத்து நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் அட்லாண்டிக் பக்கம் போகாது. வடக்கே ஏறி ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக்கைத் தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கும். முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது நூல் வழுக்கிவிட்டது என்றே நினைத்தேன். வழுக்கவில்லை, அதுதான் குறுக்கு வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமானத்துக்குள் சீட் முன்னால் இருக்கும் திரையில் பாதை வில் மாதிரி வளைந்து தெரிவதும் இதனால்தான். வளைந்திருப்பது திரையில் உள்ள படம், விமானம் போவது நேர்தான்.

இந்தத் தூரத்தைக் கணக்கிட இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும். முறை இது: இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள். இரண்டு அட்சரேகைகளின் கொசைனையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் மறுபடி பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். வருகிற எண்ணுக்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் டிகிரியில் ஒரு கோணம் கிடைக்கும், அதை 111.19ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

ஒன்றைப் போட்டே பார்ப்போம். ஹீத்ரோ 51.47 டிகிரி வடக்கு, 0.45 மேற்கு. லாஸ் ஏஞ்சலஸ் 33.94 வடக்கு, 118.41 மேற்கு. சைன்களின் பெருக்கல் 0.7823 × 0.5583 = 0.4368. கொசைன்களின் பெருக்கல் 0.6229 × 0.8296 = 0.5168. தீர்க்கரேகை வித்தியாசம் 117.96 டிகிரி, அதன் கொசைன் மைனஸ் 0.4689. ஆக 0.5168ஐ இதனால் பெருக்கினால் மைனஸ் 0.2423. கூட்டினால் 0.1945. தலைகீழ் கொசைன் 78.8 டிகிரிக்கு ஒரு துளி கீழே. அதை 111.19ஆல் பெருக்கினால் 8,760 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் 8,780 என்று வரும். அந்த இருபது கிலோமீட்டர் எங்கே போனது என்றால், பூமி முழு உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. நாம் உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டோம், அவர்கள் புடைப்பையும் சேர்த்துப் போடுகிறார்கள். பயணம் போகிறவருக்கு இந்த இருபது கிலோமீட்டர் என்பது ஒன்றரை நிமிடம்கூட இல்லை, விட்டுத்தள்ளுங்கள்.

சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் மைனஸ் போட மறக்காதீர்கள். சிட்னி 33.95 தெற்கு, லாஸ் ஏஞ்சலஸ் 33.94 வடக்கு, கண்ணாடியில் பார்ப்பது போல எண் ஒன்றேதான். மைனஸை விட்டுவிட்டால் 12,000 கிலோமீட்டர் தூரம் 8,000க்குச் சுருங்கிவிடும். அடுத்தது, எக்செல் மாதிரி விரிதாள்கள் கோணத்தை டிகிரியில் புரிந்துகொள்ளாது, ரேடியன் என்ற வேறு அலகில்தான் கேட்கும், மாற்றாமல் கொடுத்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி: பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர், ஆகவே எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அதில் பாதிக்கு மேல், அதாவது 20,000க்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. 23,000 என்று விடை வந்தால் தப்பு உங்கள் கணக்கில்தான்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளம் பல வருடங்களாக இருக்கிறது. இரண்டு குறியீடுகளை நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் தூரமும் படமும் வரும். கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவியும் இதையேதான் செய்கிறது. எது பயன்படுத்தினாலும் அலகைப் பாருங்கள். மேலே சொன்ன அதே லண்டன் – லாஸ் ஏஞ்சலஸ் தூரம் சாதாரண மைலில் 5,456, கடல் மைலில் 4,741. விமானிகள் பேசுவது கடல் மைலில், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தப்பாகக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்.

தூரத்தை மணியாக்குவது

நீண்ட தூரம் போகும் இன்றைய ஜெட் விமானங்கள், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 வகையறா, ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு 900 கிலோமீட்டர் சுமார். அதனால் தூரத்தை 900ஆல் வகுத்தால் விடை வந்துவிடும் என்று தோன்றும், ஆனால் எப்போதும் குறைவாகவே வரும். காரணம், விமானம் கேட்டை விட்டு நகர்ந்தவுடனே பறப்பதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போகிறது, வரிசையில் நிற்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்ந்து கேட்டுக்கு வருகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாடு என்பது கேட்டை விட்டு நகரும் நேரம், வருகை என்பது கேட்டில் வந்து நிற்கும் நேரம். இதைத்தான் விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள்.

நான் பயன்படுத்துவது இதுதான். தூரத்தில் நூற்றுக்கு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெருவட்டத்தை நூல் பிடித்த மாதிரி எந்த விமானமும் பின்பற்றுவதில்லை. பிறகு 900ஆல் வகுங்கள். அதோடு நாற்பது நிமிடம் சேருங்கள். பெர்த் – லண்டன் சுமார் 14,500 கிலோமீட்டர், 2018 மார்ச்சில் தொடங்கிய நேரடி விமானம். மூன்று சதவீதம் சேர்த்தால் 14,935. வகுத்தால் 16.6 மணி. நாற்பது நிமிடத்தோடு 17 மணி 15 நிமிடம். உண்மையிலும் பதினேழு மணி நேரத்தைச் சுற்றித்தான் வருகிறது. சிங்கப்பூர் – நியூயார்க் ஜேஎஃப்கே 15,350 கிலோமீட்டர், உலகத்தின் மிக நீண்ட பயணிகள் விமான சேவை. அதே கணக்கில் 18 மணி 15 நிமிடம் வரும். கால அட்டவணையில் 18இலிருந்து 19 மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். கை துடைக்கும் காகிதத்தில் போட்ட கணக்குக்கு இது போதும்.

இனி காற்று. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று டிக்கெட்டில் பார்த்து, பூமி சுழல்வதால் அப்படி என்று நிறையப் பேர் விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை, பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, அதற்குள்தான் விமானமும் இருக்கிறது. உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வரைகூடப் போகும். கிழக்கே போனால் அது முதுகில் கை வைத்துத் தள்ளும், மேற்கே போனால் நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோவில் இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிற பாதை. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது, ஆனாலும் ஒலியை அது மீறவில்லை, காற்றே ஓடிக்கொண்டிருந்ததால் வந்த வேகம் அது. அதே பாதையில் கான்கார்டு 1996இல் வைத்த சாதனை 2 மணி 52 நிமிடம் 59 வினாடி.

கணக்கில் இதை எப்படிச் சேர்ப்பது? வடக்கு அரைக்கோளத்தில் கிழக்கு – மேற்காகப் போகும் நீண்ட பாதையென்றால், மேற்கே போகும்போது 900க்குப் பதில் 850 வைத்துக்கொள்ளுங்கள், கிழக்கே வரும்போது 940, 950. வடக்கு அட்லாண்டிக்கில் குளிர்காலமென்றால் இன்னும் தாராளமாக, 830க்கும் 980க்கும் நடுவே விளையாடலாம். லண்டன் – லாஸ் ஏஞ்சலஸில் இப்படிப் போட்டால் போக 11 மணி 20 நிமிடம், வர 10 மணி 15 நிமிடம் போல வருகிறது, அட்டவணையும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. வடக்கு – தெற்காகப் போகும் பாதைகளில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும், இந்தத் திருத்தம் அவ்வளவாகத் தேவைப்படாது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே, சமமாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 9,000 கிலோமீட்டர், காற்றே இல்லாவிட்டால் போக பத்து, வர பத்து, மொத்தம் இருபது மணி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று இருந்தால் போகும்போது 800 வேகத்தில் 11 மணி 15 நிமிடம், வரும்போது 1,000 வேகத்தில் 9 மணி. மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் கூடுதல் நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கால் மணி திரும்பி வராது.

காற்றுக்காகவே பாதையை மாற்றுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வடக்கு அட்லாண்டிக்கில் தினமும் அன்றைய காற்றைப் பார்த்துப் புதிதாகப் பாதைகள் வரைகிறார்கள், மேற்கே போகிறவர்களுக்கு ஒன்று, கிழக்கே வருகிறவர்களுக்கு ஒன்று. அந்தப் பக்கம் கனடாவின் காண்டர், இந்தப் பக்கம் ஷான்விக் என்று இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. தூரம் கூடினாலும் நேரம் குறைகிறதென்றால் சுற்றிப் போவதுதான் குறுக்கு வழி.

நூல் பிடித்த பாதை மூடியிருந்தால்

சில ஜோடி ஊர்களுக்கு மேலே சொன்ன கணக்கு சுத்தமாகப் பொய்த்துப் போகும். ஹெல்சின்கி – டோக்கியோ நல்ல உதாரணம். தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர், நம் கணக்கில் ஒன்பதரை மணி நேரம் வரும், 2022 தொடக்கம் வரை உண்மையிலும் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் அதே பாதையை வட துருவம் வழியாகவும், தெற்கே மத்திய ஆசியா வழியாகவும் சுற்றிப் பறக்க ஆரம்பித்தது, நேரம் பதின்மூன்று மணியாகிவிட்டது. ஊர்கள் நகரவில்லை, தூரம் மாறவில்லை, மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. பழையவர்களுக்கு இது புதிதில்லை, பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பா – டோக்கியோ விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போயின.

அரசியல் இல்லாமலும் சுற்ற வேண்டி வரும். திபெத் பீடபூமிக்கு மேலே விமானங்கள் அதிகம் போகாததற்கு முக்கியக் காரணம், உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் சில நிமிடங்களுக்குள் பத்தாயிரம் அடி அளவுக்கு இறங்கியாக வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம். பெருங்கடலுக்கு நடுவே இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஈடாப்ஸ் என்று ஒரு விதி இருக்கிறது, ஒரு எஞ்சின் நின்றால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இறங்க ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும். சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோ மாதிரி அண்டார்க்டிகா பக்கம் வளையும் பாதைகளில் இது பெரிய விஷயம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கணக்கில் வந்ததற்கும் அட்டவணையில் இருப்பதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் மாதிரி தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரப் பாதையைப் பாருங்கள். எங்கே சுற்றுகிறது என்று கண்ணால் தெரிந்துவிடும். உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்பதும் அங்கேயே இருக்கும். அட்டவணை நேரத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்து வைத்திருக்கும், தாமதம் என்று பெயர் வாங்கக் கூடாதே. “இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்” என்று அறிவிக்கும்போது பாதி அந்தச் சேமிப்புதான்.

கடிகாரம் விழுங்கும் மணிகள்

டிக்கெட்டில் புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்தால் பயண நேரம் வராது. வழி ஒன்றே: இரண்டையும் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். ஊர் யூடிசிக்கு எவ்வளவு முன்னால் என்றால் அவ்வளவு கழிக்க வேண்டும், பின்னால் என்றால் கூட்ட வேண்டும். இந்தியா மாதிரி அரை மணி வைத்த நாடுகளும் உண்டு, நேபாளம் முக்கால் மணி, அதாவது யூடிசிக்கு 5 மணி 45 நிமிடம் முன்னால்.

சிட்னி – லாஸ் ஏஞ்சலஸை எடுத்துக்கொள்வோம், பதிமூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் சிட்னி யூடிசிக்குப் பத்து மணி முன்னால், லாஸ் ஏஞ்சலஸ் ஏழு மணி பின்னால். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் யூடிசியில் நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டு. பதிமூன்றரை கூட்டினால் மதியம் ஒன்றரை. அதில் ஏழு கழித்தால் காலை ஆறரை. தேதி? அதே தேதிதான். பத்து மணிக்குக் கிளம்பி அன்றைக்கே காலை ஆறரைக்கு இறங்குகிறீர்கள், கிளம்புவதற்கு மூன்றரை மணி நேரம் முன்னால். தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் இந்த வேடிக்கை. திரும்பும்போது ஒரு முழு நாள் காணாமல் போகும், டிக்கெட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் இரண்டு என்று போட்டிருப்பார்கள். ஹோட்டல் எடுக்கும்போது அந்தச் சின்ன எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது அதே விமானத்தை ஜனவரியில் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் கோடை, சிட்னி பதினொரு மணி முன்னால் போய்விட்டது. அமெரிக்காவில் குளிர்காலம், லாஸ் ஏஞ்சலஸ் எட்டு மணி பின்னால் போய்விட்டது. பதினேழு மணி வித்தியாசம் பத்தொன்பதாகிவிட்டது. அதே பத்து மணிக்குக் கிளம்பினால் இறங்குவது காலை நாலரை. மாறும் நாட்களும் ஒன்றாக வராது. அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது, சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. நடுவே சில வாரங்கள் பதினெட்டு மணி வித்தியாசம். ஐரோப்பா இன்னொரு தினுசு, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டன் – நியூயார்க் ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அப்படி ஒரு மார்ச் மாதத்தில் நான் மனக்கணக்கை நம்பிப் போய், ஆளை அழைத்துவர வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் தப்பாகப் போய் நின்றிருக்கிறேன். நேர வித்தியாசத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள், பயணத் தேதியைப் போட்டே பாருங்கள்.

நடுவில் இறங்கி ஏறினால்

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு, எந்த ஊர் வழியாகப் போவது என்பதில் தூரக் கணக்கு நன்றாக உதவும். லண்டன் – சிட்னி நேர்த்தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 10,880, அப்புறம் 6,300, மொத்தம் 17,180. சுற்று ஒரு சதவீதம்தான், சிங்கப்பூர் கிட்டத்தட்ட நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. துபாய் வழியாக 5,500, 12,040, மொத்தம் 17,540, மூன்று சதவீதம். லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 8,780, 12,050, மொத்தம் 20,830. இருபத்திரண்டு சதவீதம் சுற்று, நாலு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே போய்விடும். என் கணக்கில் பத்து சதவீதத்துக்குள் என்றால் வழி எதுவானாலும் கவலையில்லை, அதற்குப் பிறகு காத்திருக்கும் நேரம்தான் முடிவு செய்யும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் அந்த நாற்பது நிமிடத்தை மறுபடி சேர்க்க வேண்டும், அதோடு டிரான்சிட். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், இணைப்புக்குக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம் வேண்டும் என்று அந்த விமான நிலையமே ஒரு எண் வைத்திருக்கும், அதற்குக் குறைவாக விற்க மாட்டார்கள். தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டியை நீங்களே எடுத்து, குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, மறுபடி செக்கின் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். எனக்கு நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் மனம் ஒப்பாது. அப்புறம், டைரக்ட் என்று போட்டிருப்பதெல்லாம் நான்ஸ்டாப் இல்லை. விமான எண் மாறாமல் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான். நிறுத்தம் பூஜ்ஜியம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா திரும்பி வரும் டிக்கெட்டையும் அனுப்பியிருந்தாள். இரவு எட்டுக்கு நியூயார்க்கில் ஏறி, காலை எட்டுக்கு லண்டனில் இறங்குகிறது. “பன்னிரண்டு மணி நேரம்டா, நல்லா தூங்கிட்டு வந்துடுவேன்” என்றாள். ஐந்து மணி நேரத்தைக் கழி அக்கா, ஏழு என்றேன். ஊர்ந்து போய் மேலே ஏறிச் சாப்பாடு கொடுத்து முடிக்க ஒன்றரை மணி, இறங்குவதற்கு ஒன்றேகால் மணி முன்னாலேயே விளக்கைப் போட்டுக் காலைச் சாப்பாடு. மிச்சம் நாலேகால். பின்காற்று நன்றாக அடித்தால் அதிலும் அரை மணி போய்விடும்.

“அப்போ மெதுவா போற விமானமா பார்த்து போடுடா” என்றாள்.